குடத்தின் ஓசையைக் கொண்டுவருவது எப்படி? – வில்லுப்பாட்டைப் பதிவு செய்வோருக்குச் சில குறிப்புகள்

வில்லுப்பாட்டின் கதைகள், தெய்வங்கள், பாடும் முறை ஆகியவை பற்றித் தமிழ்ச் சங்க மலர்களில் நல்ல கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. அவற்றோடு சேர்த்து வைக்கும் அளவுக்குப் பெரிய பொருள் ஒன்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. வில்லுப்பாட்டை ஒலிப்பதிவு செய்யும்போது எந்த மைக்கை, எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டுமே இக்கட்டுரையின் பொருள். கேட்பதற்குச் சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மில் பலரும் இன்று கையில் ஒரு பதிவுக் கருவியோடுதான் போகிறோம். கொடை விழாவில் நாம் எடுத்து வரும் அந்தப் பதிவு, சில குழுக்களைப் பொறுத்தவரை கடைசிப் பதிவாகவும் ஆகிவிடலாம்.

எனக்குச் சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். ஒலிப்பதிவுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். ஆகவே இரண்டையும் சேர்த்துச் சில வார்த்தைகள் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எல்லைக்கு அப்பால் ஒரு வில்

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அதற்கப்பால் உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. கோடு நிலத்தில்தான் விழுந்தது. கோயில், கொடை, கொண்டு கொடுத்த உறவு எல்லாம் கோட்டுக்கு இருபுறமும் இருந்தபடியே இருந்தன. வில்லுப்பாட்டும் அப்படித்தான். மலையாளத்தில் அதை வில்லடிச்சான் பாட்டு என்பார்கள். இரவிக்குட்டிப் பிள்ளை போர் போன்ற கதைப்பாடல்கள் தென் திருவிதாங்கூர் முழுவதற்கும் பொதுச் சொத்து.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது பெரும்பாலும் மலையாளம். பாட்டு தமிழில் வரும். நடுவில் வரும் விளக்கத்தில் மலையாளம் கலந்து வரும். கேட்டுக்கேட்டே பாடம் செய்தவர்களுக்கு வயதாகிவிட்டது. கதைகளை அச்சில் ஏற்றும் வேலையை அறிஞர்கள் செய்திருக்கிறார்கள். நாகர்கோவில் அ. கா. பெருமாள் அவர்கள் பல வில்லுப்பாட்டுக் கதைகளைத் திரட்டித் தந்தார். அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டில் தங்கிக் கொடைகளை நேரில் கண்டு, 1988இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் அச்சில் வருவது சொல்தான், அடி வராது. குடத்தில் விழும் அடி, உடுக்கையின் கும்மல், வில்மணியின் சிலம்பல் இவையெல்லாம் ஒலியாகப் பதிந்தால் மட்டுமே நிற்கும்.

அந்த அடிதான் இன்று பதிவுகளில் முதலில் காணாமல் போகிறது. எங்கள் பக்கத்துக் கொடை ஒன்றில், ஒலிபெருக்கிக்காரரின் கருவியிலிருந்து நேரடியாக எடுத்த பதிவைக் குடம் அடிக்கும் பெரியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னது: “பாட்டு நல்லா கேக்குது. கொடம் எங்கடே மக்கா போச்சு? ராத்திரி முழுக்க நான் அடிச்சது ஆருக்கு?” பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. விடை ஒலியியலில் இருக்கிறது.

குடம் எப்படி ஒலிக்கிறது?

வில்லுப்பாட்டுக் குழுவின் கருவிகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். பனை வைரத்திலோ வேறு உறுதியான மரத்திலோ செய்த, ஏறக்குறைய 10 அடி நீளமுள்ள வில். அதில் தொங்கும் மணிகள். நாணைத் தட்டுவதற்கு வீசுகோல். வைக்கோற்பிரியின்மேல் மண்குடம், அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்து வைத்திருப்பார்கள். குடத்தின் வாயில் கமுகம்பாளையில் வெட்டிய தட்டால் அடிப்பார்கள். மற்றக் கையிலுள்ள காசால் குடத்தின் உடம்பில் தட்டுவார்கள். பிறகு உடுக்கை, தாளம் (ஜால்ரா), கட்டை.

குடத்தின் வாயில் அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி விரிகிறது. கழுத்திலுள்ள காற்று அதனோடு மேலும் கீழும் ஆடுகிறது. அதுதான் அந்த ‘கும்’ என்ற கீழ்ச்சத்தம். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதே தத்துவம். சுமார் 15 லிட்டர் கொள்ளும், 15 செ.மீ. வாயும் 5 செ.மீ. கழுத்தும் உள்ள ஒரு குடத்துக்குக் கணக்குப் போட்டால் 140 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. குடம் பெரிதானால் இன்னும் கீழே போகும். காசுத் தட்டலோ அதற்கு நேர்மாறு. கூர்மையான, மேல்ஸ்தாயிச் சத்தம். ஆக ஒரே கருவியில் இரண்டு குரல்கள் இருக்கின்றன.

இப்போது கொடைப் பந்தலைப் பாருங்கள். பாடும் புலவரின் வாய்க்கு நேரே ஒரு பாடகர் மைக். பெரும்பாலும் அது 1966இல் ஷூர் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.எம்.58 மைக்காகவோ அதன் சாயலில் வந்த ஒன்றாகவோ இருக்கும். மிக நல்ல மைக். ஆனால் வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பாடுவதற்கென்று செய்தது. ஒருபக்க மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒலி மிக அருகிலிருந்து வந்தால் கீழ்ச்சத்தம் கூடும். தள்ளிப் போனால் அது குறையும். அருகில் பாடும்போது சத்தம் மொத்தையாகிவிடக் கூடாது என்பதற்காக இந்த வகை மைக்குகளில் கீழ்ச்சத்தத்தை முன்கூட்டியே குறைத்து வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குடத்தின் ‘கும்’ அதில் மெலிந்துதான் சேரும். காசின் ‘டக்’ மட்டும் தெளிவாக விழும். போதாக்குறைக்கு மிக்சரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானையும் அமுக்கி வைத்திருப்பார்கள். கடைசியில் அதைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்கிறோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 140 ஹெர்ட்ஸை உருப்படியாக எழுப்பவே முடியாது. இத்தனை சல்லடையில் சலித்த பிறகு குடம் எங்கே மிஞ்சும்?

வில்லும் டிரம்ஸ் கிட்டும்

இதற்கு வழி எங்கே இருக்கிறது என்றால், நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது: மேல்நாட்டு டிரம்ஸ் கிட்டைப் பதிவு செய்யும் முறையில். பெரிய டிரம், சின்ன டிரம், தாளத் தகடுகள் என்று முன்பு தனித்தனி ஆட்கள் வாசித்தவற்றை ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க உருவானது டிரம்ஸ் கிட். 1909இல் லுட்விக் சகோதரர்கள் காலால் மிதித்து அடிக்கும் பெடலைக் கொண்டுவந்த பிறகு அது வேகமாகப் பரவியது. நம் வில்லில் பல பேர் உட்கார்ந்து ஒரே தாளத்தைக் கட்டுகிறார்கள். ஒலிப்பதிவாளனின் காதுக்கு இரண்டும் ஒரே பிரச்சினைதான்: கீழ்ச்சத்தம் ஒன்று, நடுச்சத்தம் இரண்டு மூன்று, காதைக் கிழிக்கும் மேல்சத்தம் சில; எல்லாம் ஓரிரு மீட்டருக்குள்.

குடம் என்பது கிட்டின் பெரிய டிரம். உடுக்கை அதன் சின்ன டிரம். வில்மணியும் தாளமும் தகடுகள். இப்படி வைத்துக்கொண்டால் ஊர் ஸ்டுடியோப் பையன்களுக்கும் சட்டென்று புரியும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களில் டிரம்ஸ் கிட் சாதாரணமாகப் புழங்குவதுதான். “டிரம்ஸுக்கு வைக்கிறது மாதிரி வில்லுக்கும் வைங்க” என்றால் போதும், பாதி வேலை முடிந்தது.

டிரம்ஸ் பதிவில் பலரும் பின்பற்றும் ஒரு முறை கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கில ஒலிப்பதிவாளர் பெயரால் வழங்குகிறது. 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தவர் அவர். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் என்று கூட்டம் சேர்க்காமல், முழுக் கிட்டையும் கேட்கும் இரண்டு மைக்குகளைச் சின்ன டிரம்மிலிருந்து சம தூரத்தில் வைப்பார். கீழ்ச்சத்தத்துக்குப் பெரிய டிரம்மின் முன் ஒரு மைக். தேவைப்பட்டால் இன்னொன்று. அவ்வளவுதான். முழுமையை முதலில் பிடி, பிறகு குறைவதை நிரப்பு என்பதே இதன் சாரம்.

நான்கு மைக்குகள்

இதை வில்லுக்கு மாற்றினால் நான்கு மைக்குகள் போதும்.

முதலும் இரண்டும்: ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கண்டென்சர் மைக்குகள். இவற்றுக்கு மிக்சரிலிருந்தோ பதிவுக் கருவியிலிருந்தோ 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். குழுவுக்கு முன்னால், குடத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, குடத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். குடத்தின் வாயிலிருந்து இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். அளவு நாடா இல்லையென்றால் ஒரு கயிறு போதும். ஒரு முனையைக் குடத்தடியில் பிடித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு மைக்குக்கும் நீட்டிப் பார்க்கலாம். தூரம் சமமானால் குடத்தின் அடி இரண்டு மைக்கிலும் ஒரே நேரத்தில் சேர்ந்து, கேட்கும்போது நட்டநடுவில் உறுதியாக நிற்கும். தாளம் போடுபவர் ஒரு மைக்குக்கு மிக அருகே இருந்தால் ஆளை நகர்த்த வேண்டாம். கயிற்றின் நீளத்தை மாற்றாமல் மைக்கை நகர்த்துங்கள்.

மூன்றாவது: குடத்துக்கு ஒரு டைனமிக் மைக். பெரிய டிரம்முக்கென்றே வந்த ஏ.கே.ஜி. டி112 (1986) போன்றது கிடைத்தால் நல்லது. சென்ஹைசர் எம்.டி.421 (1960) நன்றாக இருக்கும். எதுவும் இல்லையென்றால் ஷூர் எஸ்.எம்.57 (1965) போதும். அருகில் வைப்பதால் கீழ்ச்சத்தம் தானே கூடும். குடத்தின் வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் ஓரமாகச் சாய்த்து வையுங்கள். நேரே வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் குடத்திலிருந்து வெளியேறும் காற்று மைக்கில் ‘புஸ்’ என்று மோதும். அடிப்பவரின் கை வீச்சைத் தடுக்கவும் கூடாது. அவர் இரண்டு அடி அடித்துக் காட்டிய பிறகே ஸ்டாண்டை இறுக்குங்கள்.

நான்காவது: புலவரின் பாட்டுக்கு ஒரு டைனமிக் மைக், வாயிலிருந்து 15 செ.மீ. அளவில். ஒருபக்க மைக் தன் முதுகுப் பக்கத்தில் மிகக் குறைவாகவே கேட்கும். ஆகவே அந்த முதுகுப்பக்கம் குடத்தையோ தாளத்தையோ பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தால் பாட்டுக்குள் அவை அதிகம் புகா. கீழ்ச்சத்தம் வெட்டும் பொத்தானை இந்த மைக்குக்கு மட்டும் போடலாம். மற்ற மூன்றுக்கும் கண்டிப்பாக வேண்டாம்.

உடுக்கைக்குத் தனி மைக் வேண்டுமா என்று கேட்பார்கள். ஐந்தாவது வழி இருந்தால் அரை மீட்டர் தள்ளி ஒன்று வைக்கலாம். உடுக்கை கையிலிருந்து கைக்கும் தோளுக்கும் ஆடுகிற கருவி. இடையைக் கட்டிய கயிற்றை அழுத்துவதற்கேற்பச் சுருதி ஏறி இறங்கும். மிக அருகே வைத்தால் ஒருநேரம் கத்தும், ஒருநேரம் காணாமல் போகும். தாளத்துக்கும் வில்மணிக்கும் தனி மைக் தேவையே இல்லை. அவை எல்லா மைக்கிலும் அழையாத விருந்தாளியாக வந்து சேரும்.

ஒன்றையொன்று தின்னும் மைக்குகள்

மைக் அதிகமானால் பதிவு நன்றாக வரும் என்று நினைப்பது இயற்கை. நடப்பது பெரும்பாலும் எதிர்மாறாக இருக்கிறது. காரணத்தைக் கணக்கோடு சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 140 ஹெர்ட்ஸ் குடச்சத்தத்தின் ஓர் அலை நீளம் சுமார் 2.5 மீட்டர். அதில் பாதி 1.25 மீட்டர். குடத்தின் அருகே ஒரு மைக், அதைவிட 1.25 மீட்டர் கூடுதல் தூரத்தில் புலவரின் மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அலை மேலே ஏறும் நேரம் மற்றதில் கீழே இறங்கும். இரண்டையும் கூட்டினால் ஒன்றை மற்றது தின்றுவிடும். பாட்டு கேட்க வேண்டுமென்று புலவரின் மைக்கை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு குடம் கரையும். பந்தலில் புலவருக்கும் குடத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய இவ்வளவுதான் என்பது நம் துரதிர்ஷ்டம்.

தப்பிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒன்றுக்கு மூன்று என்ற பழைய விதி: ஒரு கருவிக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி அடுத்த மைக் இருக்கட்டும். மூன்று மடங்கு தூரத்தில் சத்தம் 9.5 டெசிபல் குறைந்துவிடும். தின்னும் பலம் அதற்கு இருக்காது. இரண்டாவது, மிக்சரில் அலையைத் தலைகீழாக்கும் பொத்தான். குட மைக்கில் அதை ஒருமுறை போட்டும் எடுத்தும் கேளுங்கள். எந்த நிலையில் ‘கும்’ தடிமனாக இருக்கிறதோ அதையே வையுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிவது. பின்னால் கணினியில் குடத்தின் தடத்தை 5 மில்லி விநாடி அளவில் பின்தள்ளி, முன்னால் இருக்கும் இரண்டு மைக்குகளோடு பொருத்திவிடலாம். தடங்களை முதலிலேயே கலந்து பதிந்துவிட்டால் பிறகு பிரிக்கப் பிரம்மனாலும் ஆகாது.

கொடையிலா, முற்றத்திலா?

கொடை இரவில் குழாய் ஸ்பீக்கர், ஜெனரேட்டர், வெடி, செண்டை எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். அந்தச் சூழலும் ஓர் ஆவணம்தான். அதைப் பதிய வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடத்தின் நுணுக்கம் வேண்டுமென்றால் கொடைக்கு முன்போ பின்போ ஒரு பகல் பொழுதில் குழுவை ஒரு வீட்டு முற்றத்துக்கு அழைத்து, உரிய தட்சிணை கொடுத்து, ஒலிபெருக்கி இல்லாமல் பாடச் சொல்லிப் பதிவதே நல்லது. சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் இருந்தால் சத்தம் எதிரொலித்துக் குழம்பும். பாய், கோணிச்சாக்கு, பழைய மெத்தை இவற்றைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். திறந்த முற்றமும் ஓலைக்கூரையும் இருந்தால் அதுவும் வேண்டாம்.

சத்த அளவு வைக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குழுவினர் காப்புப் பாடும்போது நிதானமாகத் தொடங்குவார்கள். சாமி வரும் இடத்தில் அடி பலமடங்கு ஏறும். ஆகவே, “அண்ணாச்சி, சாமி வர்ற எடத்துல அடிக்கிற அடியைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டு, அந்த அடி கருவியின் அளவுகோலில் மைனஸ் 12ஐத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு தடத்துக்கு மணிக்கு சுமார் 520 எம்.பி. ஆகும், நான்கு தடத்துக்கு 2 ஜி.பி.க்குச் சற்று மேல். ஆறு மணி நேரக் கதைக்கு 16 ஜி.பி. அட்டை ஒன்று போதும். இன்னொன்று கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கண்டென்சர் மைக் ஈரத்தால் பொரியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைத்திருந்து, வேலை தொடங்கும்போது மட்டும் எடுங்கள்.

இதெல்லாம் இல்லை, செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. குழுவுக்கு நேர் முன்னால், குடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒரு முக்காலியில் மடித்த துவர்த்தின்மேல் போனை வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். இரைச்சல் குறைப்பு, தானாக அளவு கூட்டிக் குறைத்தல் ஆகிய இரண்டையும் நிறுத்தும் வசதியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். அவை ஓடினால் ஒவ்வொரு குட அடிக்கும் பாட்டு அமுங்கி எழும்பும். பதிந்ததைப் போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாமல் நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

முடிவாக

மைக் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று, பின் செய்ய வேண்டியது ஒன்று. முன்னால், அனுமதி கேளுங்கள். சில பகுதிகளைக் கோயிலுக்கு வெளியே பாட மாட்டார்கள், வற்புறுத்தக் கூடாது. பின்னால், ஊர், நாள், கதையின் பெயர், யார் எந்தக் கருவி வாசித்தார் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி அதே பதிவின் இறுதியில் சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதியைக் குழுவுக்குக் கொடுங்கள். இரண்டை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

வில்லுப்பாட்டைச் சுப்பு ஆறுமுகம் (1928–2022) போன்ற பெரியவர்கள் வானொலி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் தமிழ் உலகம் முழுவதும் கொண்டுபோனார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடங்களுக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. அங்கே குடம் அடிக்கக் கற்க விரும்பும் பையனுக்கு ஆசான் இல்லாமல் போகும் காலம் வரலாம். அன்று அவன் கையில் நாம் கொடுக்கக்கூடியது ஒரு பதிவு மட்டுமே. வலக்கை எங்கே விழுந்தது, காசு எப்போது தட்டியது, உடுக்கை எங்கே விட்டுப் பிடித்தது என்பதை அவன் கேட்டே கற்க வேண்டும். நான்கு மைக், ஒரு கயிறு, ஒரு மணி நேரப் பொறுமை இவை இருந்தால் அது கேட்கும். வருகிற விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் ஒரு கயிற்றுக்கும் இடம் வையுங்கள்.